தோன் ஆல்தெமாரின் கார்த்தஹேனா

“அந்த அலங்காரக் குதிரை வண்டியில மட்டும் ஏறிடாதீங்க,” என்கிறார் தோன் ஆல்தெமார், ஏற்கெனவே ஆறிவிட்ட காப்பியை மறுபடி ஊதியபடி. தெருமுனை ரொட்டிக்கடையில் அவருக்கு எதிரே டயர்க்கடை வில்மாரும் அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். “ஒரு சுத்து முப்பது நிமிஷம். பதினஞ்சாவது நிமிஷத்துல சண்டை வரும். இவ படம் எடுக்கணும்பா. நீ, அநியாய வாடகைன்னு அதையே புலம்பிட்டு வருவ. நடந்து போங்க. சாயங்காலம் அஞ்சேமுக்காலுக்கு மதில் மேல இருக்கணும், கடல் பாத்த பக்கம். தொப்பி வேணாம், காத்து புடுங்கிட்டுப் போயிடும்.”

“உங்க தொப்பி போயிருக்கா, தோன் ஆல்தெமார்?” என்று கேட்கிறாள் அந்தப் பெண்.

“எத்தனை!” என்கிறார் அவர், கண்ணை இமைக்காமல்.

மலைநகரம் மெடெயினை ஒட்டிய இதாக்குவியில், எங்கள் தெருவிலிருந்து யார் ஜோடியாகக் கடலோரக் கார்த்தஹேனாவுக்குக் கிளம்பினாலும் முதலில் இவரிடம்தான் வருவார்கள். விடுதி பிடிப்பதற்கு முன்பு, விடுப்புக் கேட்பதற்கு முன்பு, ஓரிருவர் பெண்ணிடம் சம்மதம் கேட்பதற்கும் முன்பு. மெடெயினிலிருந்து கார்த்தஹேனாவுக்குப் போகும் நெடுந்தூரப் பேருந்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். போய் வந்தவர்களில் ஒருவர்கூட அவர் சொன்னது தப்பு என்று திரும்பி வந்து சொன்னதில்லை.

வயது ஐம்பத்தேழு; ‘தோன்’ என்பது ஊர் கொடுத்த மரியாதை. தோளில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு. அது இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது. வீட்டில் இருக்கும் நாட்களில் நாற்காலியில் சாய்ந்து, மின்விசிறியை அதிரும் வேகத்தில் வைத்துக்கொண்டு தூங்குவார். அடுத்தவர் ஓட்டும் வாடகைக் காரில் உட்கார்ந்தால் அவருடைய வலது பாதம் தானாகத் தரையை அழுத்தும். அவருக்கு உலகத்தில் எல்லாமே நிமிடம். போகும் வழியில் வல்திவியாவிலிருந்து கவ்காசியா நூற்றுப் பத்து நிமிடம். வென்தானாஸ் மேட்டில் பனி இறங்கியிருந்தால் பதினேழு நிமிடம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நாற்பத்தெட்டு. புதுப் பாதிரியார் என்றால் ஐம்பத்தைந்து. மகள் பிறந்ததைப் பற்றி யாராவது கேட்டால், “வலி எடுத்ததுல இருந்து ஒம்போதரை மணி நேரம். அதுக்குள்ள நான் சின்செலேஹோ தாண்டியிருப்பேன்,” என்பார்.

அவர்கள் வீட்டு மாடி அறையில் ஒன்றரை வருடம் குடியிருந்தேன். மாலையில் கீழே போனால் கார்த்தஹேனா கதைகள் கிடைக்கும். எந்தப் பலகணியில் காகிதப்பூ அதிகம், எந்தச் சந்தில் காற்று வரும், எந்தக் கடையில் நண்டுக்கால் சாப்பிட்டால் வயிறு கெடும். எல்லாம் சொல்வார். ஆனால் அவருடைய கார்த்தஹேனாவில் எந்த மூலைக்குப் போனாலும் யாராவது இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். மதில்மேல் ஒருத்தி செருப்பைக் கழற்றி எறிந்திருப்பாள். பீரங்கிக்குப் பக்கத்தில் ஒருவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். அது எதனால் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் மனைவி லூஸ் தாரி ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளர். அந்த அம்மாளுக்கும் உலகம் நிமிடம்தான்; ஒரு கால்சட்டைக்குப் பதினான்கு. கடலைப் பார்த்ததில்லை. திங்களும் சேர்ந்து விடுமுறை வரும்போதுதான் ஆலை மூன்று நாள் மூடும். அந்த மூன்று நாளில்தான் பேருந்துகள் நிரம்பி வழியும், ஆல்தெமார் கட்டாயம் ஓட்டியாகவேண்டும். இந்த வருடம் நிறுவனம் என்ன நினைத்ததோ, ஜூன் மாதத்து மூன்று நாளை அவருக்கு விடுப்பாகக் கொடுத்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம் வேறு.

லூஸ் தாரி அன்றைக்கே துணி வெட்டும் பழுப்புத்தாளில் கட்டம் போட்டார். இடதுபக்கம் மணி, நடுவில் இடம், வலதுபக்கம் எத்தனை நிமிடம். புதுத் தொப்பி ஒன்று வாங்கி, காற்றுக்காக அதில் நாடா வைத்துத் தைத்துக்கொண்டார். பட்டியலின் முதல் வரி: இனிப்பு வளைவு, எதெல்மிரா.

எதெல்மிரா இனிப்பு விற்பவர். ஆல்தெமார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த அம்மாள் கையால் தேங்காயைத் துருவிக் கிண்டிய கொக்காடாவும், தினைப்பொரியை வெல்லப்பாகில் உருட்டிய உருண்டையும் ஒரு பொட்டலம் வரும். மதில் சூழ்ந்த பழைய நகரத்து வாசலுக்கு எதிரே, இனிப்புக்காரிகள் வரிசையாக உட்காரும் வளைவுகளில் மூன்றாவதில் அந்த அம்மாள் இருப்பதாக ஆல்தெமார் சொல்லியிருக்கிறார். “அந்தக் கையைப் பிடிச்சு ஒரு முத்தம் கொடுத்துட்டுத்தான் நான் கடலையே பாப்பேன்,” என்று லூஸ் தாரி சொல்லிக்கொண்டிருந்தார்.

மெடெயின் பக்கத்தில் கணவன் மனைவியை ‘மகளே’ என்பான், அவள் இவனை ‘மகனே’ என்பாள். யாருக்கும் சிரிப்பு வராது.

“மகனே, பஸ் ஒம்போதுக்குப் போய்ச் சேருது. நிலையத்துல இருந்து இனிப்பு வளைவுக்கு எத்தனை நிமிஷம்?”

“அது… போக்குவரத்தைப் பொறுத்து.”

லூஸ் தாரி பென்சிலைத் தூக்கினார். “என்னது?”

“பொறுத்துதான், மகளே.”

“வென்தானாஸ் மேட்டுப் பனிக்கே பதினேழு நிமிஷம்னு கணக்கு வச்சிருக்கிற மனுஷன் நீங்க. பொறுத்துங்கிற வார்த்தையை உங்க வாயில இருந்து இன்னைக்குத்தான் கேக்கறேன். உடம்பு சரியில்லையா?”

“ரோடு வேலை நடக்குது அங்க. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் மதியம் அவர் மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றார். துண்டு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“பாப்பா, நீ கார்த்தஹேனா உள்ள போயிருக்கேல்ல?”

“போயிருக்கேனே.”

“அந்த இனிப்பு வளைவு. வாசல்ல நுழைஞ்சதும் நேர் எதிர்லயா, பக்கவாட்டுலயா? தூண் தடியா இருக்குமா, ஒல்லியா?”

எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை; நின்றபடியே உண்மையைச் சொன்னார்.

கார்த்தஹேனாவின் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே. மதில் நகரம் மறுகோடியில், கடலோரம். காலை ஒன்பதுக்கு வண்டியை நிறுத்துவார். பொரித்த மீனும் தேங்காய்ச் சோறும் சாப்பிடுவார். நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுநர் அறையில் ஐந்து மணிவரை தூங்குவார். ஏழுக்கு மறுபடி கிளம்புவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் உள்ளே போனதில்லை. முதல் தடவை ஊர் திரும்பியபோது லூஸ் தாரி எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். மதில் பெரிசு என்றாராம். எவ்வளவு பெரிசு என்று அடுத்த கேள்வி வந்ததாம். அதன்பிறகு, திரும்பும் பயணங்களில் முன்வரிசை ஜோடிகள் பேசுவதையெல்லாம் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் ஜோடிகள் என்ன பேசுவார்கள்? அந்தச் சண்டைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“பொய்யின்னு ஒண்ணும் இல்ல பாப்பா. எல்லாம் நடந்ததுதான். எனக்கு நடக்கல, அவ்வளவுதான்.”

அந்த வாரம் எனக்கும் கடற்கரைப் பக்கம் போக வேண்டியிருந்தது. அவர் வண்டியிலேயே, முதல் வரிசையில் போனேன். காலை எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஒன்பதாம் மேடையில் இறங்கினோம். மேடைத் தூணுக்குக் கீழே, முக்காலியில், மடியில் இனிப்புத் தட்டோடு ஒரு பருத்த கறுப்பின அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் எதெல்மிரா.

“ஏ மலைக்காரா, ரெண்டு நிமிஷம் முந்தி வந்துட்ட. பிரேக் போச்சா?”

ஆல்தெமார் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார். ஜூன் மாதம், ஒரே ஒரு சனிக்கிழமை, பத்திலிருந்து பதினொன்றுவரை, தட்டை எடுத்துக்கொண்டு இனிப்பு வளைவில் போய் உட்கார முடியுமா என்று. காரணத்தையும் சொன்னார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தட்டு குலுங்கியது.

“வளைவுலயா? அங்க இருக்கிற பொம்பளைங்க தாய் வழியா மக வழியா இடம் புடிச்சு உக்காந்திருக்காளுக. நான் போயி குந்தினா என்னையே துருவிக் கொக்காடா கிண்டிருவாளுக! உன் பொண்டாட்டிய இங்க கூட்டியா. நான் என்ன ஒளிஞ்சா இருக்கேன்?”

“இங்கன்னா எல்லாம் தெரிஞ்சிடுமே.”

“தெரியட்டுமே. இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒருநா டவுன் பஸ் ஏறி உள்ள போயிட்டு வர முடியலையாய்யா உனக்கு?”

“தூங்கணுமே எதெல்மிரா. ராத்திரி நாப்பது பேரு என்னை நம்பித்தான கண்ணை மூடுறாங்க.”

அந்த அம்மாள் ஓர் உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டு விற்கத் தொடங்கினார்.

இன்றைக்கே போய்ப் பார்த்துவிடலாமே, நானும் கூட வருகிறேன், தூண்களை எண்ணிக்கொண்டு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றேன். அவருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. வெளியே நிறுத்தத்துக்கு வந்தோம். மதில் நகரத்துக்குப் போகும் டவுன் பஸ் வந்தது. அவர் ஒரு காலைப் படியில் வைத்தார்.

“உள்ள போய்ச் சேர எத்தனை நிமிஷம்?” என்று கேட்டார்.

“இறங்குறப்ப தெரியும் பெரியவரே. ஏறுறியா, படிய அளந்துட்டு நிக்கப்போறியா?” என்றார் அந்த ஓட்டுநர்.

ஆல்தெமாரின் உதடுகள் அசைந்தன. போக, வர, சுற்றிப் பார்க்க, வெயில், மிச்சம் எவ்வளவு தூக்கம். பின்னால் ஏறவேண்டியவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காலைக் கீழே எடுத்து, அவர்களுக்கு வழிவிட்டு நின்றார். பஸ் போனது. “நீ போயிட்டு வா பாப்பா,” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் அறைப் பக்கம் நடந்தார். அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாலை ஏழுக்கு வண்டி அவரோடு மேடையை விட்டுக் கிளம்பியது; நான் என் வேலைக்காகத் தங்கிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து இதாக்குவிக்குத் திரும்பினேன். மறுநாள் காலை கீழே அடுப்பில் சோள அடை சுட்டுக்கொண்டிருந்த லூஸ் தாரி என்னையும் உட்காரச் சொன்னார். மேசைமேல் பழுப்புத்தாள் விரிந்திருந்தது. இப்போது மூன்று நாளும் அதில் நிரம்பியிருந்தன: மதில், கோட்டை, படகு, ஞாயிறு மதியத் தூக்கம் நாற்பது நிமிடம். முதல் கட்டம் மட்டும் காலி. ஆல்தெமார் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பாத்துட்டு வந்தாச்சா? எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க, இதை மூடி வைக்கலாம்,” என்றார் லூஸ் தாரி, அடையைத் திருப்பிப் போட்டபடி. “விடுதிக்காரிக்கும் போன் பண்ணணும்.”

ஆல்தெமார் பென்சிலை எடுத்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரியில் ‘இனிப்பு வளைவு’ என்று இருந்ததன்மேல் ஒரு கோடு இழுத்தார். எதெல்மிராவின் பெயரை அடிக்கவில்லை. கோட்டுக்கு மேலே, இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கி, ‘பேருந்து நிலையம், ஒன்பதாம் மேடை’ என்று எழுதினார். மணிக்கான கட்டத்தில் ஒன்பது ஐந்து என்று போட்டார்.

லூஸ் தாரி கரண்டியோடு வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்ன இது? எதெல்மிரா நிலையத்துல என்ன பண்றா? அங்க இருந்து உள்ள போக எத்தனை நிமிஷம்னு கேட்டா, நீங்க…”

ஆல்தெமார் அதன் கீழே இடுக்கில் ‘மதில் நகரம்’ என்று புதிதாக எழுதினார். அதற்கு நேரே, நிமிடம் எழுதவேண்டிய கட்டத்தில், பென்சில் சற்று நேரம் நின்றது. பிறகு ஒரு கேள்விக்குறி போட்டு, தாளை லூஸ் தாரி பக்கமாகத் திருப்பி வைத்தார்.