கடலுக்கு ஓய்வு நாள்

கொழும்பில் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டாருக்கு அது என்ன வேலை என்று விளங்கவேயில்லை. அரசாங்கத்துக்குப் புத்தி சொல்கிற இடம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அது கேக்குமோ?" என்றார். கேட்கத்தான் செய்தது. அமைச்சர்கள் மாறினார்கள், ஆனால் எங்கள் பணிப்பாளருக்கு அமைச்சிலிருந்து வரும் அழைப்பு மட்டும் நிற்கவில்லை. அந்த அம்மையார் எழுதிக் கொடுத்த பந்திகள் சொல் மாறாமல் சுற்றறிக்கையாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

போர் முடிந்து சில வருடங்களில், மன்னார்க் கரையில் மீன் குறைகிறதே, என்ன செய்யலாம் என்று அமைச்சு எங்களிடம் கேட்டது. பணிப்பாளர் தானே நேரில் வந்தார். மீனவரைக் கரையில் பிடிக்க ஞாயிறுதான் வசதி என்று முடிவு செய்தவரும் அவரே. பூசை முடிந்ததும் எங்கள் ஊர் மாதா கோயில் வளவில் கூட்டம் வைத்தோம். கிழமையில் ஒரு நாள் கடலுக்கு ஓய்வு கொடுத்தால் என்ன, எந்த நாள் கொடுக்கலாம் என்று கேட்டார்.

"ஞாயிறுதான் மிஸ். நாங்கள் அண்டைக்குப் போறேல்லை. வெளியூர்ப் படகுகள்தான் வருகுது. அதுகளை மறிச்சால் போதும்" என்றார்கள்.

ஞாயிறு பரிந்துரையானது. அமைச்சும் ஏற்றுக்கொண்டது. அறிவிப்பதற்கு முன் மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பெயருக்கு ஒரு கூட்டம். அமைச்சின் செயலாளரும் வந்திருந்தார். எல்லாம் நல்லபடி முடிகிற நேரத்தில் முசலிப் பக்கத்து மீனவர் சங்கத் தலைவர் எழுந்தார். புத்தளத்தில் அகதியாக வருடக்கணக்கில் கிடந்து, ஊர் திரும்பி, மறுபடி ஒரு படகு வாங்கியவர். குரலைத் தணிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"மிஸ், வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஜும்மா. கடலுக்குப் போறேல்லை. ஞாயிறும் போகக்கூடாதெண்டால் கிழமையில ரெண்டு நாள் அடுப்பு எரியாது. எங்கட ஊரில நீங்கள் ஆரைக் கேட்டனீங்கள்?"

ஒருவரையும் கேட்கவில்லை. நாங்கள் கோயில் வளவில் கூட்டம் வைத்த நேரம் அவர்கள் கடலில் நின்றிருப்பார்கள். செயலாளர் குனிந்து பணிப்பாளரின் காதில், அமைச்சர் கையெழுத்து வைக்கப் போகிறார், பிறகு ஒரு திருத்தம் கொண்டுவரலாம், இப்போது விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றார். பின்னால் இருந்த எனக்கும் அது சரியென்றே பட்டது. அரசாங்கக் கந்தோர்களில் அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்பது தெரிந்தும்தான்.

பணிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்தார். "ஒருத்தரையும் கேக்கேல்லை, தலைவர். பிழை எங்கடை. இந்தப் பரிந்துரையைத் திருப்பி எடுக்கிறம். உங்கட ஊருக்கும் வாறன்." பிறகு அதையே சிங்களத்தில் செயலாளரைப் பார்த்துச் சொன்னார். விளங்கவில்லை என்று சொல்லவும் அவருக்கு வழியில்லாமல் போனது.

திரும்பும்போது வாகனத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவு காலம் சேர்த்த மரியாதையைக் கச்சேரியில கொட்டிப்போட்டு வாறம் மிஸ்" என்றேன்.

"அதை வைச்சு நான் என்ன செய்யிறது? அந்தாளைப் பட்டினி போடவோ?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிறுத் தடை கைவிடப்பட்டது. எங்களையும் சேர்த்துத்தான் கைவிட்டார்கள். அடுத்த ஆய்வு வேறொரு நிறுவனத்துக்குப் போனது, அதற்கடுத்ததும் போனது. ஆட்களைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் நானும் ஒருவன். ஊரில் வந்திருந்து பணிப்பாளரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

ஒரு நாள் அவரே தொலைபேசியில் பேசினார். சனிக்கிழமை முசலிக்குப் போக வேண்டும், கூட வர முடியுமா என்றார். எந்த அமைச்சும் கேட்காத ஆய்வு. பஸ்ஸில் வந்து இறங்கினார். களைத்துப் போயிருந்தார், கையில் ஒரு பை மட்டும். பார்த்ததும் என் கோபம் போய்விட்டது, மனது நொந்தது.

கரைக்குப் போனோம். காற்றும் இல்லை, அலையும் இல்லை, கடலுக்குப் போக நல்ல நாள். ஆனால் படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. தலைவர் எதிரே வந்தார்.

"இண்டைக்கு ஏன் ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை?" என்று பணிப்பாளர் பதறிக் கேட்டார்.

"நீங்கள் வாறீங்களெண்டுதான் மிஸ்" என்றார் அவர். "வந்து இருங்கோ."