சுடலையாண்டி கையைக் குளிர வைத்த வைத்தியம்

குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் பத்து சீசன் எண்ணெய் தேய்த்த மேலகரம் சுடலையாண்டி எனக்கு அத்தான் முறை. என் பெரியப்பா மகள் மாடத்தியைக் கட்டியவர். எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் அந்தக் கை செய்த வேலை வேறு. 1951இல் மடைத் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல்காரர் செல்லச்சாமியின் தோளில் அரிவாளால் ஒரே வெட்டு. பாளையங்கோட்டை ஜெயிலில் ஏழு வருஷம்.

அத்தான் திரும்பி வந்த அன்று மாடத்தி உலக்கையோடு வாசலை மறித்தாள்.

"கோவத்த எங்கனயாவது போட்டுட்டு வாங்க. பெறவுதான் இந்த நடையில கால வைக்கணும்."

புத்தி கலங்கியவர்களை அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தானும் போய் மூன்று நாள் நின்றார். மூன்றாம் நாள், இடித்துக்கொண்டு முன்னால் வந்தவனின் கழுத்தைப் பிடித்துவிட்டார். விலக்கிவிட்டது வடகரை ஹபீபுல்லா. அங்கே எண்ணெய் தேய்ப்பவர், என் அப்பாவுக்குச் சேக்காளி.

"தலைதாம்லே குளுந்திருக்கு, கை இன்னும் கொதிக்குது. எங்கூட நின்னு எண்ணெ தேய். ஒரு தேய்ப்புக்கு ஆண்டவன் பேரு ஒண்ணு. நான் 'யா ரஹ்மான்'னு சொல்லுவேன், நீ இலஞ்சி முருகனக் கூப்பிடு. கோவம் வந்துட்டா, உச்சந்தலையிலேர்ந்து மறுபடியும் தொடங்கணும்."

முதல் நாள் அகப்பட்டவர் ஒரு வாத்தியார். காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம்தான் எழுந்தார். "போதும்யா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அத்தானுக்குக் கோபம் வந்தது; கோபம் வந்ததால் மறுபடி உச்சியிலிருந்து.

ஒரு மாசம் கழித்து, கண்ணை இறுக மூடிய ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் ஹபீபுல்லா. முகமெல்லாம் எண்ணெய். அத்தான் உச்சியில் தொடங்கித் தோளுக்கு வந்தார். விரலில் தழும்பு தட்டியது. கை நின்றுவிட்டது.

"அங்கன பையத் தேயும் வே," என்றார் அந்த ஆள். "ஒரு மூதி வெட்டுன எடம். சாரல் விழுந்தா வலிக்கும்."

மூதி என்றதும் அத்தானுக்குச் சுருக்கென்றது. உச்சிக்குப் போனார். மறுபடி தோள்.

"வெட்டவும் தெரியாத பய வே அவன்!"

மறுபடி உச்சி. இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை தோளுக்கு வந்தபோது முருகன் பேர் வாயில் வரவில்லை.

"ரொம்ப வலிக்குதா?" என்றார் அத்தான்.

செல்லச்சாமி கண்ணைத் திறந்தார். "இப்பதாங் கேக்கியாலே சுடல, ஏழு வருஷங் கழிச்சு! 'அவன நல்லா ஏசு, தாங்குதானான்னு பாப்போம்'னு எங்கிட்ட சொன்னதே ஹபீபுல்லா அண்ணாச்சிதான்."

"என் கையில கழுத்தக் குடுத்தியே, பயமில்லையாலே?"

"பயந்தான். அதாம்லே கண்ண மூடுனது."

இருவரும் எண்ணெய் சொட்டச் சொட்ட மேலகரத்துக்கு நடந்தார்கள். வாசலில் அதே உலக்கை.

"கோவத்த என் தோள்ல தேச்சிட்டான் தாயி," என்றார் செல்லச்சாமி.

மாடத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுச் சீயக்காய்ச் சட்டியை எடுத்து வந்தாள்.

"மொதல்ல ரெண்டு பேரும் தேச்சுக் குளிங்க. இப்படியே நடையேறாதிய. வழுக்கி விழுந்துட்டு, யாரு தள்ளுனதுன்னு மறுபடியும் சண்ட போடுவிய."