ஹவ் சாரின் மின்சார வண்டி

ஜம்புநாதனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத் பக்கம் அல்வாலுக்கும் ஜீடிமெட்லாவுக்கும் நடுவில் இருக்கும் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் ஹோம்கார்டுகள். நான், ஆக்னஸ், வாசல் மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களின் புகாரை எழுதுகிறவள். அவர் ரோந்து போகிற பேட்ரோல் கார் டிரைவர். வயது ஐம்பத்திரண்டு, சர்வீஸ் பத்தொன்பது வருடம். அத்தனை வருடமும் அவர் வாயிலிருந்து வந்தது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "ஹவ் சார்." எங்கள் ஊரில் ஹவ் என்றால் ஆமாம். டீ வாங்கி வா என்றால் ஹவ் சார். அதிகாரி தன் பையனை ஸ்கூலில் விட்டு வா என்றால் ஹவ் சார். பண்டிகைக்கு லீவு கிடையாது என்றாலும் ஹவ் சார். கடைசியில் ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே ஹவ் சார் என்று ஆகிவிட்டது. கூப்பிட்டால் அதற்கும் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் குடும்பமும் என் குடும்பமும் வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் கண்டோன்மெண்டுக்குப் பிழைக்க வந்தவை. வந்தவர்கள் எல்லோரும் துரைமார்களுக்குத் தலையாட்டித்தான் பிழைத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் அவரோடு ஒட்டிக்கொண்டது, என்னோடு ஒட்டவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதத்தில் எங்கள் ஸ்டேஷனுக்கு மின்சாரக் கார் ஒன்று வந்தது. சோதனைக்குக் கொடுத்த வண்டி. மாலை போட்டார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பெரிய அதிகாரி வந்து சாவி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். டீசல் வண்டிக்கு ஆகிற செலவில் கால்வாசிகூட ஆகாது என்று மைக்கில் சொன்னார்கள். அதே நாளில் பழைய டீசல் காரை வேறு ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வண்டிக்கு எங்கே, எப்போது சார்ஜ் போடுவது என்று ஒரு ஆளும் கேட்கவில்லை.

எங்கள் ஸ்டேஷன் வாடகைக் கட்டடம். வயரிங் அரதப்பழசு. சார்ஜரை மாட்டிவிட்டு எஸ்.ஐ. அறையில் ஏசியைப் போட்டால் ஃபியூஸ் போய் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும். ஏசியை நிறுத்த முடியுமா? சார்ஜரைத்தான் பிடுங்குவார்கள். வேகமாகச் சார்ஜ் ஏறும் இடம் ஒரு மால் வாசலில் இருந்தது. அங்கே வாடகைக் கார்களுக்குப் பின்னால் போலீஸ் வண்டி ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும். பேட்ரோல் காருக்கு மூன்று ஷிப்டும் வேலை. டீசல் என்றால் பங்க்கில் ஐந்து நிமிடம். செலவு மிச்சம் என்று கணக்குப் போட்ட எந்த மகராசனும் ஒரு ஷிப்ட்கூடப் பேட்ரோல் காரில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

இதற்கு மேல் எங்கள் எஸ்.ஐ. பிரசன்னா ஒருவர். அவருக்கு மனை வாங்கி விற்கிற வியாபாரமும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டியை ஸ்டேஷன் எதிரே ரோட்டோர வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் போனில் பேசுவார். டீசல் வண்டியிலும் இதுதான் நடந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், எரிவது சர்க்கார் டீசல், யாரும் கண்டுகொள்ளவில்லை. மின்சார வண்டியிலோ போன் பேசப் பேசச் சார்ஜ் இறங்குவது திரையிலேயே தெரியும். பேச்சு டிரைவர் காதில் விழக்கூடாது என்பதால் ஜம்புநாதன் வெளியே நிற்க வேண்டும். மே மாத வெயிலில், காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, அந்த மனுஷன் நின்றுகொண்டிருப்பார்.

ஒரு நாள் நான் கேட்டே விட்டேன்.

"சார்ஜ் எறங்குது சார், ஏசி வேணாம்னு சொன்னா என்னண்ணா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

"சொல்லலாம்மா. கோச்சுக்குவாரு."

"கோச்சுக்கட்டுமே. கைக்கு பயப்படறீங்க?" எங்கள் ஊர்ப் பேச்சில் கைக்கு என்றால் ஏன்.

"நாளைலேருந்து டூட்டிக்கு வராதேன்னுட்டா? ஹர்ஷிதாவுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு ஆக்னஸம்மா."

ஹர்ஷிதா அவர் மகள். அவர் சொன்னது பொய்யில்லை. ஹோம்கார்டை வீட்டுக்கு அனுப்ப ஆர்டர் எதுவும் வேண்டாம், டூட்டிப் பட்டியலில் பெயர் எழுதாமல் விட்டால் போதும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அவரைத் திட்டினேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள், மாலை நாலு பத்துக்கு அவசர போன் வந்தது. ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வசந்தகுமாரி என்ற பெண். புருஷன் குடித்துவிட்டுக் கடப்பாரையால் கதவை இடிக்கிறான், உள்ளே தனியாக இருக்கிறேன் என்றாள். எஸ்.ஐ. அப்போதுதான் போன் பேச்சை முடித்து வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்திருந்தார். திரையில் ஒன்பது சதவீதம். ஜம்புநாதன் ஒரு கான்ஸ்டபிளை ஏற்றிக்கொண்டு சைரனோடு கிளம்பினார். மேம்பாலம் ஏறும்போது வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கியது. பாலத்து உச்சியில் நின்றே போனது. சைரன் மட்டும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்ததாம். இரண்டு பேரும் இறங்கி ஓடி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் கதவு உடைந்திருந்தது. அந்தப் பெண்ணின் வலது கையும் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

மறுநாள் எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டு ஒரு மெமோ டைப் செய்யச் சொன்னார். டிரைவர் மத்தியானம் வண்டியைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான், சார்ஜ் போடாமல் விட்டான் என்று. கீழே பார்த்த சாட்சி என்று என் பெயர். "கையெழுத்துப் போடு" என்றார். ஜம்புநாதனுக்கு வாய் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆக்னஸ் என்ன சொன்னாள் தெரியுமா? "ஹவ் சார்." போட்டேன்.

அடுத்த வாரம் ஏ.சி.பி. விசாரணைக்கு வந்தார். வண்டி கொடுத்த கம்பெனியிலிருந்து தினேஷ் என்ற இஞ்சினீயர், தமிழ்நாட்டுக்காரர், லேப்டாப்போடு வந்திருந்தார். விசாரணை தெலுங்கில் நடந்தது.

"வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?" என்று ஏ.சி.பி. ஜம்புநாதனைக் கேட்டார்.

"ஹவ் சார்."

செய்யாத குற்றத்துக்கும் ஹவ் சார்! எழுந்து போய் அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு அறைவது? பொய்ச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

தினேஷ்தான் வண்டியின் பதிவுகளை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே அரைகுறைத் தெலுங்கில் குறுக்கே பேசினார். "இல்ல சார். அன்னிக்கு ஒண்ணு அம்பதுலேருந்து நாலு எட்டு வரைக்கும் வண்டி ஒரே எடத்துல நின்னுருக்கு. ஏசி இருபது டிகிரில ஓடியிருக்கு. டிரைவர் சீட் காலி. பக்கத்து சீட்ல ஆள் இருந்திருக்காங்க. அந்த மாசத்துல இருபத்தாறு நாள் இதே மாதிரிதான்."

ஏ.சி.பி. எஸ்.ஐ.யைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஃபைலை மூடினார். பத்து நாளில் ஆர்டர் வந்தது. மின்சார வண்டி போலீஸ் வேலைக்கு லாயக்கில்லை, திருப்பி அனுப்பவும். அவ்வளவுதான். ஜம்புநாதன் மேல் இருந்த மெமோ கைவிடப்பட்டது. பிரசன்னாவை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. எல்லாப் பழியையும் பேட்டரி சுமந்துகொண்டு போயிற்று. பழைய டீசல் கார் திரும்பி வந்தது, மத்தியானம் வேப்பமரத்தடியில் மறுபடி இஞ்சின் ஓட ஆரம்பித்தது.

ஜூன் கடைசியில் வசந்தகுமாரி தன் புகாரின் நகல் வாங்க வந்தாள். வீட்டில் தமிழ் பேசுகிற பெண். வலது கையில் மாவுக்கட்டு. மேஜை முன்னால் நின்று என்னைக் கேட்டாள்.

"போன் பண்ணி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சே மேடம், கைக்கு வரல?"

"வண்டில டெக்னிக்கல் பிராப்ளம்மா" என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

டீசல் கார் சாவியோடு சுவரோரமாக நின்றிருந்த ஜம்புநாதன் இரண்டடி முன்னால் வந்தார்.

"டெக்னிக்கல் எல்லாம் இல்லம்மா. எஸ்.ஐ. சார் ரெண்டு மணி நேரம் வண்டில ஏசி போட்டு போன் பேசினாரு. நான் வெளிய நின்னேன். சார்ஜ் எறங்கறது எனக்குத் தெரியும். வேணாம் சார்னு ஒரு வார்த்தை சொல்லல. அதனாலதான் வண்டி பாலத்துல நின்னுது."

அறை வாசலில் பிரசன்னா நின்றிருந்தார். அவருக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ தெரியாது, எஸ்.ஐ., ஏசி, போன் என்பதெல்லாம் புரிந்திருக்கும். "ஏய் ஹவ் சார், வண்டி எடு" என்றார்.

"நக்கோ சார்" என்றார் ஜம்புநாதன். மாட்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் சொன்னத இந்தம்மா புகாரா எழுதட்டும், அப்பறம் எடுக்கறேன்."

வசந்தகுமாரி கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்னால எழுத முடியாது மேடம். அவர் சொன்னத நீங்க எழுதுங்க" என்றாள். பிரசன்னாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஜம்புநாதன் சொன்னதை அப்படியே எழுதினேன். மெமோவில் நான் போட்டது பொய்ச் சாட்சிக் கையெழுத்து என்பதையும் சேர்த்து எழுதினேன். அந்தப் பெண் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். சாட்சியாக ஜம்புநாதன் கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே நான் போட்டேன். அந்தத் தாளின் நகலை அவள் கையிலேயே கொடுத்து, கமிஷனர் ஆபீசில் போய்க் கொடு என்று அனுப்பினேன்.

மறுநாள் டூட்டிப் பட்டியலில் ஜம்புநாதன் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. இருவரும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம், மூன்று வாரம் ஆகிறது. நல்ல மனுஷன் என்று இப்போது அவரை ஆள் ஆளுக்குப் புகழ்கிறார்கள். எனக்கு இன்னும் அவரைப் பிடிக்கவில்லை. அந்த ஒரு நக்கோவை மே மாதமே மரத்தடியில் சொல்லித் தொலைத்திருக்கலாம். வசந்தகுமாரி இன்னும் கம்பெனிக்குப் போகவில்லை. மாத்திரை அட்டை அடுக்க இரண்டு கையும் வேண்டும்.