நாரிதாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கியவள்

ஹிரோசாகி ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில், நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள் மிகாமி தோமி. சுற்றுலா பஸ்ஸின் கைடு உடுப்பு, வெள்ளைக் கையுறை, சின்னத் தொப்பி எதையும் மாற்ற அவளுக்கு நேரமிருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் டிரைவர் நாரிதா நின்றபடியே இடுப்பை வளைத்தான்.

"சின்னப் பொண்ணு. கவனமில்லாம பண்ணிட்டா. நீங்கதான் பொறுத்துக்கணும்" என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கவனமில்லாமல் இருந்தவள் அவள் அல்ல. அன்று காலை கோட்டைப் பூங்காவில் செர்ரி பூத்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் கால் வைக்க இடமில்லை. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கைடு இறங்கிப் பின்பக்கம் நின்று விசில் ஊத வேண்டும். விட்டுவிட்டு ஊதினால் வரலாம், நீட்டி ஊதினால் நிறுத்த வேண்டும். சுற்றுலாவுக்கு வந்திருந்த ஆப்பிள் தோட்டக்காரர் அகாயிஷி, கால் நீட்டிக்கொள்ள இறங்கியவர், பஸ்ஸுக்கும் கல்சுவருக்கும் நடுவே போய் நின்றார். தோமி நீட்டி ஊதினாள். மூச்சு முட்டும்வரை ஊதினாள். பஸ் நிற்கவில்லை. அகாயிஷியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது.

விசாரணையில் நாரிதா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "விசில் சத்தமே கேக்கல. யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிட்டு நின்னிருப்பா."

அவன் கம்பெனியின் முதல் டிரைவர். பழி இல்லாத கை என்று பேர் எடுத்தவன், சங்கத்தில் செல்வாக்கு உள்ளவன். கைடு பெண்ணோ எப்படியும் கல்யாணம் ஆனால் போய்விடுவாள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்ல ஓய்வா இரும்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிரைவர்கள் அறை வழியாக வெளியே வந்தபோது, நாரிதா நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"பஸ்ஸை நாங்க பாத்துக்கறோம் தோமி. நீ போய் அடுப்பைப் பாரு."

அறையே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் வந்தாள். அந்த வணக்கத்துக்காகத் தன்னையே அவள் பிற்பாடு மன்னிக்கவில்லை. பேசி வைத்திருந்த சம்பந்தமும் போயிற்று. மனுஷன் காலை நசுக்கவிட்ட பெண் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போயிருந்தது. யார் சொல்லிப் போயிற்று என்று விசாரிக்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

ஆற்றங்கரையில் ஜல்லி அள்ளும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கார் லைசன்ஸ் எடுத்தாள், பிறகு கனரக லைசன்ஸ் எடுத்தாள், டிப்பர் லாரி ஓட்டினாள். குளிர்காலத்தில் அதே லாரியின் முகப்பில் பலகை மாட்டிச் சாலையில் பனி தள்ளினாள். லாரிக்காரர்கள் அவளிடம் வம்பு வளர்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது. எடைமேடையில் உட்காரும் ஹிசா மட்டும்தான் அவளிடம் வாயாடுவாள்.

"ஏன்டி, ஜல்லி ஓட்டிச் சம்பாதிக்கிறது போதாதா? பஸ் லைசன்ஸ் வேற எதுக்கு?"

"ஒருத்தன் இருக்கான் அக்கா. அவன் உக்கார்ற சீட்ல நான் உக்காரணும். அவன் கீழ நின்னு பாக்கணும்."

"அவன் டீயில ஒரு பிடி உப்பைப் போட்டுட்டா தீராதா இது?"

"தீராது."

ஆள் ஏற்றி ஓட்டும் பெரிய வண்டிக்கு லைசன்ஸ் தனி. அதற்குப் பள்ளிக்கூடம் அப்போது கிடையாது. ஆவோமோரி தேர்வு மைதானத்துக்கு நேராகப் போய், போலீஸ் அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலி பஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். பஸ் காலியாக இருந்தாலும் நிரம்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். முதல் தடவை தோமி இரண்டாவது வளைவைக்கூடத் தாண்டவில்லை.

"கிளம்பின இடத்துக்கே போங்க" என்றார் அதிகாரி. "ஜல்லிதானே ஓட்டறீங்க?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"ஜல்லி நின்னுட்டு வராது. மனுஷங்க நின்னுட்டு வருவாங்க. இப்ப உள்ள இருந்தவங்க பாதிப் பேர் கீழ விழுந்து கிடக்கறாங்க."

இன்னொரு தடவை, கொண்டை ஊசி மாதிரி மடங்கும் திருப்பத்தில் பின்சக்கரம் ஓரக் கட்டையில் ஏறியது. லாரியில் முன்சக்கரம் அவள் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். பஸ்ஸிலோ அது முதுகுக்குப் பின்னால். மூக்கு சாலைக்கு வெளியே போய்விட்டதோ என்று பயந்த பிறகும் கொஞ்சம் போனால்தான் திருப்ப வேண்டிய இடம் வரும். அந்தப் பயத்தில் அவள் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டாள். பிறகு ஒரு நாள் நிறுத்தக் கம்பத்துக்கு நேராகக் கதவு வரவில்லை. ஒரு நாள் எல்லாம் சரியாக முடித்து, கிளம்பும் முன் உள்கண்ணாடியைப் பார்க்க மறந்தாள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், திரும்பி வரும் ரயிலில் நாரிதா நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் அவள் காதில் கேட்டது. எந்த ஸ்டேஷன் வந்தது, எது போனது என்று அவள் பார்ப்பதில்லை.

கடைசியில் ஹிசாவை டிப்பரின் பின்தொட்டியில் ஏற்றி நிற்க வைத்துத்தான் பழகினாள். ஜல்லிக் கரையின் மேடு பள்ளத்தில் ஹிசா ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சோற்று உருண்டையைத் தின்றபடி கத்துவாள்.

"அடிப்பாவி, என் பல்லு போச்சு. பிரேக்கை மிதிக்கறியா, அவன் மூஞ்சியை மிதிக்கறியா?"

"அவன் மூஞ்சியைத்தான்."

"அதான் இப்படிக் குலுங்குது. அவனை மெதுவா மிதி. நல்லா நேரம் எடுத்து மிதி."

கேலிக்குத்தான் ஹிசா சொன்னாள். தோமிக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று முதல் அவள் கால் பிரேக்கில் இறங்குவது நின்றிருப்பவருக்கே தெரியாமல் ஆயிற்று. அடுத்த முறை அதிகாரி பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "இன்னிக்கு யாரும் விழலை" என்றார். லைசன்ஸ் கிடைத்தது. ஹிசா காய்ந்த கணவாய் மீனைச் சுட்டு, அரிசி மது சாக்கே ஊற்றிக் கொடுத்தாள். தோமி குடித்தாள், சிரிக்கவில்லை. பாதி வழிதான் வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

பழைய கம்பெனியில் டிரைவர் பஞ்சம் வரும்வரை காத்திருந்தாள். டிப்போவுக்கு வெளியூர்க்காரர் ஒருவர் புது மேனேஜராக வந்தார். பழைய கதை அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் பொருட்படுத்தவில்லை. "ஓட்டிக் காட்டுங்க" என்றார். ஓட்டிக் காட்டினாள். முதல் நாள் தொப்பியோடு டிரைவர்கள் அறைக்குள் நுழைந்தபோது, நரைத்துப்போயிருந்த நாரிதா அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன தோமி, மறுபடி விசில் ஊத வந்துட்டியா?"

"இல்ல நாரிதாண்ணே. ஓட்ட வந்திருக்கேன்."

"யாரு பின்னால நின்னு ஊதறது அப்போ? உன் புருஷனா?"

"எனக்கு யாரும் ஊத வேண்டாம்ணே. நானே இறங்கிப் பாத்துப்பேன்."

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். நாரிதா சும்மா இருக்கவில்லை. மலைப்பக்கம் போகும் மோசமான தடங்களை அவளுக்கே தள்ளினான். அவள் ஓட்டும் தடத்தில் ஏறும் கிழவிகளிடம், "கால் ஜாக்கிரதை, இந்தப் பொண்ணு கைராசி அப்படி" என்று சொல்லி வைத்தான்.  தோமி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பகையாளி உற்றுப் பார்ப்பது போல வேறு யாரும் ஒருவனைப் பார்க்க மாட்டார்கள், பெண்டாட்டிகூட மாட்டாள்.

பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. சிவப்பு விளக்கில் நாரிதா தேவைக்கு மேல் தள்ளி நிறுத்தினான். நிறுத்தக் கம்பத்துக்குச் சில நாள் முந்தியும் சில நாள் தாண்டியும் நின்றான். ஆட்கள் நடந்து போய் ஏறினார்கள், பெரியவர் என்று பொறுத்துக்கொண்டார்கள். டிப்போவில் சுவரோரம் டயர் கட்டிய இடத்தில் மட்டுமே பின்னால் எடுத்தான். டயரில் முட்டிய பிறகுதான் பிரேக் போட்டான். தூரம் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்றே மேனேஜரிடம் போயிருக்கலாம். அவனுடைய பஸ்ஸில் தினமும் ஜனங்கள் ஏறினார்கள், குழந்தைகள் ஏறின. தோமி போகவில்லை. ரகசியமாகச் சொன்னால் ரகசியமாக ஓய்வு கொடுத்து, மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த அறையில், அந்தச் சிரித்த வாய்களுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. குளிர்காலம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பனி வழுக்கும் காலையில் அவனுடைய பஸ் கிளம்பிப் போவதைக் கண்ணிலிருந்து மறையும்வரை நின்று பார்ப்பாள். அப்போதும் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாமல் அந்தக் குளிர்காலம் கழிந்தது அவளுடைய சாமர்த்தியத்தால் அல்ல.

வசந்த காலப் பாதுகாப்பு வாரத்தில் டிப்போவுக்குக் கண் சோதிக்கும் பெட்டி வரும். பெட்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே மூன்று கறுப்புக் கம்பிகள் தெரியும். ஓரத்துக் கம்பிகள் அசையாது. நடுக்கம்பி முன்னும் பின்னும் போய்வரும். மூன்றும் ஒரே வரிசைக்கு வரும்போது பொத்தானை அமுக்க வேண்டும். லைசன்ஸைப் புதுப்பிக்கவும் இதே சோதனைதான். இதில் தவறியவன் ஆள் ஏற்றிய வண்டியை ஓட்ட முடியாது. டீ ஊற்றிக் கொடுப்பது போல, பெட்டியை இயக்கும் வேலையும் பெண் என்பதால் தோமி தலையில் விழுந்தது.

நாரிதாதான் எப்போதும் முதலில் உட்காருவான். போன வருடம் அவன் பக்கத்தில் இருந்தவனிடம் பேசிக்கொண்டே சரியாக அமுக்கியதை அவள் கவனித்திருந்தாள். கம்பி எப்போதும் கடைக்கோடியிலிருந்தே கிளம்பும், ஒரே வேகத்தில் வரும். அவன் பார்க்கவில்லை, மனசுக்குள் எண்ணிக்கொண்டு அமுக்கினான்.

இந்த வருடம் கம்பி கிளம்பும் முன் தோமி அதைப் பாதி தூரம் முன்னால் நகர்த்தி வைத்தாள். விதியில் எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று எதுவும் இல்லை.

நாரிதா அமுக்கினான். நடுக்கம்பி மற்ற இரண்டையும் தாண்டி உள்ளங்கை அகலம் போய் நின்றிருந்தது. பக்கவாட்டில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"இன்னொரு தடவைண்ணே" என்றாள் தோமி பணிவாக. வேறு இடத்திலிருந்து கிளப்பினாள். இந்தத் தடவை கம்பி வருவதற்கு வெகு முன்னாலேயே அமுக்கிவிட்டான். மூன்றாவதும் தப்பு. 

"பெட்டி கெட்டுப்போச்சு" என்றான் நாரிதா.

தோமி உட்கார்ந்தாள். மேனேஜரை இயக்கச் சொன்னாள். மூன்று தடவையும் கம்பிகள் ஒரே வரிசையில் நின்றன. அவளுக்குப் பின் உட்கார்ந்தவர்களுக்கும் நின்றன.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று மேனேஜர் கேட்டார். நாரிதா பெட்டியின் ஜன்னலைக் கையால் துடைத்தான். தோமி கேட்டாள், அறை முழுக்கக் கேட்கும்படி:

"பூங்காவுல அன்னிக்கே இப்படித்தானாண்ணே?"

அவன் தரையைப் பார்த்தான். "விசில் கேட்டுச்சு" என்றான் கடைசியில். "இன்னும் இடம் இருக்குன்னு தோணுச்சு. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

"சரி. இதை அகாயிஷி வீட்டுக்கு வந்து சொல்லுங்க. நான் அன்னிக்கு எப்படிக் குனிஞ்சேனோ, அப்படிக் குனிஞ்சு சொல்லுங்க."

மேனேஜரே காரில் அழைத்துப் போனார். ஆப்பிள் மரங்களுக்கு நடுவே அகாயிஷியின் வீடு. கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாரிதாவின் நெற்றி பாயில் பட்டது. அது பட்ட மெல்லிய சத்தத்தைத் தோமி ஆசையோடு கேட்டாள். இத்தனை வருடமும் அதற்காகத்தான் வந்தாள். ஒரு கணம் அவளுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அகாயிஷி அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அது எனக்குத் தெரியும்பா" என்றார். "விசில் நல்லாக் கேட்டுது. நீளமா, நிறுத்தாம. பாவம், உயிரை விட்டு ஊதுச்சு அந்தப் பொண்ணு."

தோமிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அப்ப ஏன் சொல்லல?"

"கம்பெனிக்காரங்க வந்து எல்லாம் பேசி முடிச்சிட்டாங்கம்மா. டிரைவர் மேல போனா கோர்ட்டு கேஸுன்னு இழுக்கும்னாங்க. மரத்துல காய் பிடிக்கிற நேரம். யாரோ ஒருத்தர் மன்னிப்புக் கேட்டாச்சு, அது யாரா இருந்தா என்னன்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு, மனைவி நறுக்கி வைத்த ஆப்பிள் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடும்மா."

தோமி எழுந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பும் வழியில் நாரிதா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"இப்ப திருப்தியா?"

"இல்ல" என்றாள் அவள்.

நாரிதா மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஊரை விட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அவனுடைய தடம் தோமிக்கு வந்தது. அந்தத் தடம் ஆப்பிள் தோட்டங்கள் வழியாகப் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அகாயிஷி அதில்தான் ஏறுவார். கதவு அவர் கம்புக்கு நேராக வந்து நிற்கும். படி தாழ்வாக இருக்கும். அவர் உட்காரும்வரை பஸ் அசையாது. "நல்லா இருக்கியாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். தோமி உள்கண்ணாடியைப் பார்ப்பாள், கதவை மூடுவாள், வண்டியை எடுப்பாள். அந்தக் கேள்விக்கு அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.