தினம் ஒரு முழம் நகர்ந்த தேன்பெட்டி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு மாணவர்கள் நன்றியாக என்னென்னவோ கொடுத்திருக்கிறார்கள். சட்டைத் துணி, சுவர்க் கடிகாரம், பேனா. உயிருள்ள பரிசு கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். தேனீ வளர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட அந்த அம்மா, லைசென்ஸ் தேர்வில் பலமுறை கோட்டைவிட்டு ஒருவழியாகத் தேறியவர். தேறிய சந்தோஷத்தில் ஒரு தேன்பெட்டியைப் பின்சீட்டில் ஏற்றி, தானே ஓட்டிவந்து, மாஸ்டர் வீட்டுக் கொல்லையில் இறக்கிவிட்டுப் போனார்.

மாஸ்டரின் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார்.

"வேற எதுவும் கிடைக்கலையாமா அவங்களுக்கு?"

"நமக்குத் தேன் கிடைக்கும்ல."

"கடையிலயும்தான் கிடைக்குது. கொட்டாம குடுக்கிறாங்க."

மாஸ்டர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஊருக்கே கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தவனுக்கு ஒரு மூடியைத் திறக்கத் தெரியாதா என்ற நினைப்பு அவருக்கு. ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள். இவர் மூக்கை விட்டார். காலையில் இரண்டு வாழைப்பழத்தை விழுங்கிவிட்டு நேரே போய் மூடியைத் தூக்கினார். தூக்கிய வேகத்திலேயே மூடினார். அதற்குள் மூக்கு, மூக்கு மாதிரி இல்லை.

போனில் தேனீக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாஸ்டர், வாழைப்பழம் சாப்பிட்டீங்களா?"

"ஆமா. அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"ஒரு தேனீ கொட்டினா ஒரு வாசனை வரும். மத்ததெல்லாம் அதை மோந்துட்டுதான் சண்டைக்கு வரும். அது அப்படியே வாழைப்பழ வாசனை. நீங்க போர் முழக்கத்தோட போயிருக்கீங்க."

வீங்கிய மூக்கோடு அன்று நாள் முழுக்கப் பாடம் எடுத்தார். மாணவர்கள் சாலையைப் பார்ப்பதா, மாஸ்டரைப் பார்ப்பதா என்று தவித்தார்கள். பழம் அன்றோடு இரவு நேரத்துக்கு மாறியது.

ஆனால் ஆசை விடவில்லை. கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டு தேனீக்கள் வீடு திரும்புவதைப் பார்ப்பார். காலில் மகரந்த மஞ்சள் உருண்டையோடு வரும். ஒன்று இறங்கும்போது இன்னொன்று வழிவிடும். ஹாரன் கிடையாது, திட்டு கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்த அரைமணி நேரம் சொர்க்கம். மனைவியிடமே ஒருநாள் சொல்லிவிட்டார்: "இதுங்களைப் பார்க்கிறப்போ மனசு லேசாயிடுது." மனைவி ஒரு டம்ளர் டீயை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு லாண்டரி அக்கா மதில் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டுக் காட்டினாள். வயதில் மாஸ்டரைவிடச் சின்னவள். தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் அவருக்கும் அக்கா. ஒரு ஹோட்டலின் விரிப்புகள் முழுவதையும் அவள்தான் வெளுத்துத் தருகிறாள். வெள்ளை வெளேர் என்ற அந்தத் துணியில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் கறை.

"காக்கா வேலைன்னு நினைச்சேன் மாஸ்டர். காக்காவுக்கு இவ்ளோ சின்னதா போகத் தெரியாது."

தேனீக்கள் கூட்டுக்குள் அசுத்தம் செய்யாது. வெளியே பறக்கும்போதுதான் வேலையை முடித்துக்கொள்ளும். அவை பறக்கிற வழிக்கு நேர் கீழே அக்காவின் துணிக்கொடி.

"ஹோட்டல்ல ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாங்களாம். எனக்கு இருக்கிற பெரிய வேலையே அதுதான்." அக்கா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மாஸ்டரும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

அன்று சாயங்காலமே மனைவியைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெட்டியைக் கொல்லையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்தார். தேனீக்கள் வந்துபோகும் வாசலையும் அந்தப் பக்கம் திருப்பினார். பிரச்சினை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் வெளியே போன தேனீக்கள் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை. வெறும் காற்றில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அக்காவின் கொடியில் கொத்தாகப் போய் உட்கார்ந்தன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்று.

"கண்ணு முன்னாடிதானே இருக்கு பெட்டி? தெரியலையா இதுங்களுக்கு?" என்று புலம்பினார்.

"வீடு மாறின மறுநாள் நீங்க எங்க போனீங்க?" என்றார் மனைவி. "பழைய வீட்டுக் கதவைத் தட்டி, புதுசா குடிவந்தவங்ககிட்ட சாப்பாடு ரெடியான்னு கேட்டீங்களே."

தேனீக்கார அம்மாவும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். அவை பெட்டியைப் பார்த்து வருவதில்லை. இடத்தை மனப்பாடம் செய்து வருகின்றன. ஒன்று, ஊர் தாண்டிக் கொண்டுபோய்விட வேண்டும். இல்லையென்றால் தினம் ஒரு முழம், அதற்குமேல் நகர்த்தக் கூடாது. "நானே வந்து எடுத்துட்டுப் போயிடட்டுமா மாஸ்டர்? உங்களுக்கும் தொல்லை விட்டுது."

சரி என்று சொல்ல வாயெடுத்தார். "வேண்டாம், நகர்த்தியே பார்க்கிறேன்" என்றுதான் வந்தது.

பெட்டி பழைய இடத்துக்கே திரும்பியது. மாஸ்டர் மதிலருகே போய் நின்றார்.

"அக்கா, பெட்டியை அந்தக் கோடி வரைக்கும் மெதுவா நகர்த்தணும், கொஞ்சம் அவகாசம் குடுங்க. அதுவரைக்கும் உங்க துணியை நான் வேற இடத்துக்குக் கொண்டுபோய்த் தர்றேன். அந்தக் கோடிக்குப் போன பிறகும் கறை விழுந்தா, பெட்டியை அனுப்பிடறேன். இது சத்தியம்."

அக்கா யோசித்துவிட்டு, "என் தங்கச்சி வீட்டு மாடி காலியா இருக்கு" என்றாள்.

பிறகு தினமும் காலையில் பயிற்சிக் காரில் ஈர விரிப்புகள் ஏறின. ஸ்டியரிங்கில் யாராவது ஒரு மாணவர், பக்கத்தில் மாஸ்டர், பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு அக்காவும் அடுத்த மாணவரும். "பிரேக்கை மெதுவா போடு தம்பி, மூட்டை சரிஞ்சா திரும்ப வெளுக்கணும்" என்று அக்காவும் பாடம் எடுக்கத் தொடங்கினாள். மாலையில் பெட்டி ஒரு முழம் நகரும். மாஸ்டர் கையால் அளப்பார். மனைவி அடியில் செங்கல் வைப்பார்.

"அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்பாங்க. நம்ம வீட்ல அம்மி அப்படியே இருக்கு, பெட்டி ஊர்கோலம் போகுது" என்பார் மனைவி.

ஒருவழியாகப் பெட்டி மறுகோடிச் சுவரைத் தொட்டது. ஒரு தேனீயும் வழி தவறவில்லை. இனி அக்காவின் கொடிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

புத்தம் புதிதாக வெளுத்த ஒரு விரிப்பை அக்கா காலையில் கொடியில் போட்டாள். மாஸ்டர் அன்று பாடமே எடுக்கவில்லை. மூன்று முறை சட்டை மாற்றினார், ஏன் என்று அவருக்கே தெரியாது. வெயில் சாய்ந்ததும் அக்கா விரிப்பை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முனையிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாஸ்டர் மதிலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய விரலையே பார்த்தார்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

"என்ன, இருக்கா?" மாஸ்டரை முந்திக்கொண்டு அவர் மனைவி கேட்டார்.

அக்கா துணியை மடித்தாள். இரண்டாக, நான்காக. "பெட்டி அங்கேயே இருக்கட்டும் மாஸ்டர்."

மாஸ்டரால் அப்படி விட முடியவில்லை. சத்தியம் செய்தவர் அவர். "அக்கா, ஒண்ணு இருந்துச்சே. நான் பார்த்தேன்."

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"கொத்துக் கொத்தா இருந்தா ஹோட்டல்காரன் பார்ப்பான். ஒத்தப் பொட்டுக்கு நான் இருக்கேன்ல." மடித்த துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "கறை எடுக்கத்தானே மாஸ்டர் நான் லாண்டரி வச்சிருக்கேன்."