வெள்ளிக்கிழமைச் சவரம்

சிவாஜிநகர் பழைய சாமான் கடையிலிருந்து அண்ணன் துருப்பிடித்த சவரக்கத்தி ஒன்றை வாங்கி வந்தான். மேசையில் செய்தித்தாளை விரித்து, எண்ணெய் தொட்டு, உப்புத்தாளால் அரை நாள் தேய்த்தான். துருவுக்கடியிலிருந்து ஒரு யானை முத்திரை தலைகாட்டியது.

"அப்பா வச்சிருந்த அதே கம்பெனிடி!" என்று குதித்தான். எனக்கோ அப்பாவின் கத்திக்கு நான் செய்தது நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் யானைக் கத்தியால் மாங்காய் நறுக்கினேன். கொட்டையில் பட்டு, அலகில் அரிசி அளவு உடைந்தது. கழுவி, படிகாரக் கட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

அலுவலகத்திலிருந்து வந்த அப்பா கத்தியைப் பார்த்தார். அலகு உடைந்தது அவருக்குப் பெரிதாகவே படவில்லை. ஈரம்தான் கண்ணில் பட்டது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா எவன்டா ஷேவ் பண்ணது?"

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் நகம்கூட வெட்டக் கூடாது. அப்பாவை விட்டால் மீசை அரும்பும் வயதில் இருந்தது அண்ணன் மட்டும்தான். அவன் வாயே திறக்காமல் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டான். எண்ணியது நான்.

முப்பது வருடம் கழித்து, இப்போதுதான் சொன்னேன்: "அண்ணா, அன்னிக்குக் கத்தியை எடுத்தது நான்தான்."

"தெரியும். கத்தி பூரா மாங்கா வாசனை."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தே?"

அவன் அலகைத் துடைத்தான். "நான் இல்லன்னு சொன்னா, 'அப்ப உன் மீசை எங்கடா'ன்னு கேப்பாரு. அதை நான் செவ்வாக்கிழமையே எடுத்துட்டேன்டி."