பிரியாணி அண்டாவின் மேல் உட்கார்ந்த இன்ஜினியர்

1. சிவப்பு நாற்காலி

சைட்டில் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, உட்காருவது.

காத்திவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு சந்தில் அந்த வீடு. மூன்று மாடியும் எழும்பி, மேல் கூரை மட்டும் பாக்கி நின்றது. சொந்தக்காரர் தேவராஜ் அண்ணன், விசைப்படகு வைத்திருப்பவர். மேஸ்திரி ஏழுமலை என்னைப் பார்த்தார், என் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, துண்டால் துடைத்து, நிழலில் போட்டார்.

"குந்துங்க மேடம். டீ சொல்லிகீறேன். மேலல்லாம் ஏறாதீங்க, ஒரே கம்பியும் ஆணியுமா கலீஜா கீது."

நான் ஏறினேன். முதல் மாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி அங்கே வந்து நிற்கிறது. இரண்டாம் மாடிக்குப் போனால் அங்கேயும். எனக்குத் தெரியாமல் யாரோ ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே அலைந்திருக்கிறார். மரியாதைதான், குறை சொல்லக்கூடாது. அவ்வளவு மரியாதையை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

ஏழுமலை தனியாக வந்து பக்குவமாகச் சொன்னார். "தப்பா நென்ச்சுக்காதீங்க மேடம். பொம்பளைங்களுக்கு இந்தக் கட்டட வேலையே ஒத்துவராது."

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் சித்தாள் கன்னியம்மா தலையில் ஜல்லிச் சட்டியோடு படியேறிக்கொண்டிருந்தாள். ஏறுகிறவள் நின்றாள்.

"அப்ப நாங்கல்லாம் இங்க இன்னாத்துக்கு வந்துகீறோம் மேஸ்திரி? சர்பத் விக்கவா?"

ஏழுமலை காதில் விழாத மாதிரி வேறு பக்கம் போய்விட்டார். எனக்கு அந்த நிமிஷமே கன்னியம்மாவைப் பிடித்துவிட்டது.

2. பாத்ரூம் இல்லாத சைட்டுகள்

அந்தச் சைட்டுக்கு வருவதற்கே நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கிரேன் தலைகள் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்துதான் சிவில் படித்தேன். படித்து முடித்ததும் காண்ட்ராக்டர் ஆபீசில் ஒரு டேபிளில் உட்கார்த்திவைத்து, பில் போடச் சொன்னார்கள். வருஷங்கள் ஓடின. என்னோடு சேர்ந்த பையன்கள் சைட்டுக்குப் போய்க் கறுத்து, கத்தக் கற்றுக்கொண்டு, சம்பளமும் ஏறி வந்தார்கள். நான் ஏசியில் வெளுத்துக்கொண்டிருந்தேன்.

எப்போது சைட் கேட்டாலும் முதலாளிக்கு ஒரே பதில். "சைட்ல பாத்ரூம் இல்லம்மா."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "கட்டடம் கட்டிக் கொடுக்கிற கம்பெனிதானே சார் நாம? ஒரு பாத்ரூம் கட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்தபின் சொன்னது இது: "சரி பிலோமினா. காத்திவாக்கத்து மேல் கூரையை நீயே போடு. மழைக்கு ஒழுகிச்சுன்னா திரும்ப டேபிளுக்கு வந்துடணும். அதுக்கப்புறம் சைட்டுன்னு வாயையே திறக்கக்கூடாது."

ஆக, என் உத்தியோகமே அந்த ஒரு கூரையில் தொங்கியது.

போனதும் முதல் வேலையாகச் சைட் மூலையில் ஒரு பாத்ரூம் கட்டினோம். கன்னியம்மா வந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷச் சித்தாள் வேலையில் தாழ்ப்பாள் உள்ள கதவை முதல் தடவையாகப் பார்க்கிறாளாம். பெண்களுக்கென்று கட்டியதில் முதலில் நுழைந்து வந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஏழுமலை.

3. அண்டா வந்துவிட்டது

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் எங்கள் பக்கம் பிரியாணி உண்டு. கடைசிச் சட்டி கொட்டியதும் வீட்டுக்காரர் எல்லாருக்கும் இலை போடுவார். அந்தப் பிரியாணி இல்லாவிட்டால் கூரையே நிற்காது என்கிற மாதிரிதான் ஆட்கள் பேசுவார்கள்.

அன்றைக்கு ஜல்லி லாரி வரவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நம் லாரி அதற்கு நடுவில். காலையில் தொடங்கவேண்டிய வேலை வெயில் ஏறியபின்தான் தொடங்கியது. ஆனால் பிரியாணி சமைத்த பாய்க்குக் கண்டெய்னர் லாரியா கணக்கு? திருவொற்றியூரில் அவருக்கு வேறொரு கல்யாண ஆர்டர். சொன்ன நேரத்துக்கு அண்டாவை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது பாதிக் கூரைதான் முடிந்திருந்தது. நான் மேலே, கான்கிரீட்டைக் குலுக்கி இறக்கும் வைப்ரேட்டரைப் பிடிக்கும் ஆளின் பக்கத்தில் நின்றிருந்தேன். பிரியாணி வாசனை படியேறி வந்தது. அடுத்து, கீழே கான்கிரீட் கலக்கும் மிக்ஸரின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் கூரையில் நானும் வைப்ரேட்டரும்தான். அதைப் பிடித்திருந்தவனையும் காணோம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் போட்டது இறுகிவிடும். பிறகு போடுவது அதோடு சேராது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நடுவில் ஒரு கோடு நிற்கும். கோல்டு ஜாயிண்ட் என்பார்கள். மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். காத்திவாக்கத்தில் உப்புக்காற்று வேறு, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்க ரொம்ப நாளாகாது.

நான் விழுந்தடித்துக் கீழே ஓடினேன். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை கையில் கரண்டி.

"மேஸ்திரி, என்ன இது? பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க!"

"சூடா கீது மேடம். ஆறிப்போனா நல்லா இருக்காது. ஒரு வாய் துன்னுட்டு ஓடியாந்துடறோம்."

"அது வரைக்கும் கான்கிரீட்?"

"அது எங்க போவப்போவுது? மேலயேதான கீது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரியாணி சாப்பிட்ட உடம்பு ஒரு மணி நேரத்துக்கு எழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும். கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். "நீங்களும் குந்துங்க மேடம்" என்று பழைய சிவப்பு நாற்காலியை எடுத்துப் போட்டார் ஏழுமலை.

நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. அண்டா மூடியை எடுத்து மூடினேன். அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மூடி மேல் ஈரச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள், அதனால் பிழைத்தேன். ஆனாலும் சூடு மெல்ல மெல்ல ஏறியது.

"அய்யய்யோ கண்ணு, ஏந்திரி! நீ வெந்துடப்போற!" என்று கன்னியம்மா பதறினாள்.

சத்தம் கேட்டுத் தேவராஜ் அண்ணன் வந்தார். நல்ல நாளுக்கென்று பட்டு வேட்டி கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா இது? சோத்து மேல குந்திகினுகீற? எங்க வூட்டு நல்ல காரியத்துல வந்து இந்த மாதிரியா பண்ணுவ? இரு, உன் மொதலாளிக்குப் போன் போடறேன்."

போனை எடுத்துவிட்டார். முதலாளியிடம் இவர் என்ன சொன்னாலும் அது நிஜமாகத்தான் இருக்கும், நான் சோற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் டேபிள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கப்புறம் போன் போடுங்க. உங்க படகு மீனோட கரைக்கு வருது. ஆளுங்களுக்குப் பசி. சோறும் தயாரா இருக்கு. மீனை வெயில்ல அப்படியே போட்டுட்டுச் சாப்பிட உட்காருவீங்களா?"

"அது எப்படிம்மா? மொதல்ல ஐஸ்ல போடணும். அப்பாலதான் சோறு."

"மேல கிடக்கிறதும் அப்படித்தான் அண்ணே. வெயில்ல கிடக்குது."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார்.

"மெய்யாலுமா மேஸ்திரி?"

ஏழுமலை கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் அப்படித்தான்..." என்றார்.

"கொஞ்சமா? மீனு கெட்டா ஒரு நாள் வியாபாரம் போவும். இது என் வூடுய்யா! டேய், ஏந்திரிங்கடா எல்லாரும்!"

முதலில் எழுந்தவள் கன்னியம்மா. சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டே, "காலைல இருந்து நாங்களுந்தான் பசியோட கீறோம். வாங்கய்யா ஆம்பளைங்களா, உங்களுக்குத்தான இந்த வேலை ஒத்துவரும்" என்று படியேறினாள். தேவராஜ் அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே போய்ச் சட்டி மாற்றும் வரிசையில் நின்றார். மிக்ஸர் சத்தம் மறுபடி கேட்டபிறகுதான் நான் அண்டாவை விட்டு இறங்கினேன்.

கடைசிச் சட்டி விழுந்தபோது பிரியாணி ஜில்லென்று ஆறிக்கிடந்தது. கறித்துண்டுகளை மட்டும் ஏழுமலை என் இலையில் கொஞ்சம் அதிகமாகவே வைத்தார்.

4. மழை

அந்த வருஷம் மழை பேய் மாதிரி அடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அந்தக் கூரையைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு காலையில் தேவராஜ் அண்ணனிடமிருந்து போன்.

"மேடம், வாசல்ல முழங்கால் தண்ணி. சமையக்கட்டு வரைக்கும் வந்துட்ச்சு. ரொம்பப் பேஜாரு."

"அண்ணே... மேல?"

"மேலயா? எங்க பழைய வூடு முழுகிட்ச்சு, பால் கூட காய்ச்சாம குடும்பத்தோட அங்கதான குந்திகினுகீறோம். ஒரு சொட்டு இல்ல."

முதலாளியிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தது என் பேராசை. "எர்ணாவூர்ல பெரிய கோடவுன் ஒண்ணு வருது. நாளைக்கே போயிடு" என்றார். அதோடு டேபிளுக்கும் எனக்கும் இருந்த உறவு தீர்ந்தது. அதற்கப்புறம் எத்தனையோ கூரைகள் போட்டுவிட்டேன். இன்றும் எந்தச் சைட்டுக்குப் போனாலும் முதலில் வருவது நாற்காலிதான்.

இந்த வேலைக்கு வரப்போகும் பெண்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். நாற்காலியைக் கொடுப்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள், பாதிப் பேர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். பையை அதன் மேல் வைத்துவிட்டு மேலே ஏறுங்கள். வேலை முடிவதற்குள் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அந்த மழை விட்டபின் நடந்த அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். மேல் மாடி ஹால் முழுக்கக் கூட்டம். தேவராஜ் அண்ணன் யாரையோ கூப்பிட்டு, "மேடத்துக்கு ஒரு சேர் போடு" என்றார்.

ஏழுமலை பந்தியிலிருந்தே குரல் கொடுத்தார். "அது நாற்காலில எல்லாம் குந்தாது நைனா. பிரியாணி அண்டாவ எட்த்தாந்து போடு!"

ஹாலே சிரித்தது. கன்னியம்மா சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. சேர் வந்தது, அதே சிவப்பு நாற்காலி. ஏழுமலை எழுந்து வந்து தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டு நின்றார். அண்ணாந்து கூரையை ஒருதரம் பார்த்தேன். பிறகு உட்கார்ந்தேன்.